நாட்டுப் பரங்கியா, ஜப்பான் பரங்கியா?

மலேசியாவில் எங்கள் தாப்பாவிலிருந்துதான் குளிரான கேமரன் மலைக்குப் பழைய பாதை ஏறுகிறது. மலைக்குப் பொருந்தும் காய் நம் கொல்லைக்கும் பொருந்தும் என்ற நப்பாசை இங்கே பலருக்கு உண்டு. அந்த ஆசையில் லயத்து வீட்டுப் பின்புறம் கபோச்சா எனப்படும் ஜப்பான் பரங்கியையும், மலாய்க்காரர்கள் லாபு மானிஸ் என்கிற நம்ம நாட்டுப் பரங்கியையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். இப்போது கொல்லையில் இருப்பது நாட்டுப் பரங்கி மட்டும்தான்.

வளர்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் வெயில், மக்கிய சாணம், படர இடம் வேண்டும். பழ ஈ இரண்டையும் குத்தும், பிஞ்சிலேயே காகிதம் சுற்றிவிட வேண்டியதுதான். மழை நாளில் தேனீ வராவிட்டால் காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். நாட்டுக்கொடி இந்தப் புழுக்கத்துக்குப் பழகியது, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். கொழுந்தைக் கிள்ளித் தேங்காய்ப்பாலில் சமைக்கலாம் என்பது உபரி லாபம்.

என்னை முடிவெடுக்க வைத்தது காயை வைத்துப் பாதுகாப்பதுதான். நகத்தால் குத்தினால் தோலில் இறங்காத பதத்தில், நாலு விரல் நீளக் காம்போடு அறுக்க வேண்டும். அப்புறம் காற்றோட்டமான நிழலில் ஏறக்குறைய 10 நாள் ஆறப்போட வேண்டும். இதற்குத் தேவையான 27–30 டிகிரிச் சூடு நம் அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) இலவசம். சிக்கல் அதற்குப் பிறகு. நெடுநாள் வைக்க 10–15 டிகிரியும் ஈரமில்லாத காற்றும் வேண்டும், இரண்டுமே நமக்கு இல்லை. ஐஸ்பெட்டியில் முழுக்காயை வைத்தால் அந்தக் குளிரே அதைக் கெடுக்கும்.

ஜப்பான் பரங்கி இங்கேதான் தோற்கிறது. அறுத்ததும் சமைத்தால் அது வெறும் மாவு. சில வாரம் கிடந்தால்தான் மாவுச்சத்து சர்க்கரையாகி இனிக்கும். என் வீட்டில் அந்த இனிப்பு வருவதற்குள் காம்படியில் மெத்தென்று ஆகிவிட்டது. நாட்டுப் பரங்கி அதே பலகையில் மாதக்கணக்கில் கிடந்தது. தரையில் வைக்காமல், ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். கேமரனில் வீடு உள்ளவர்கள் வேறு தீர்ப்புச் சொல்லக்கூடும், அந்தக் குளிரில் நான் வளர்த்ததில்லை.

ருசி? நல்ல பதத்தில் கிடைத்தால் ஜப்பான் பரங்கிதான் உசத்தி. வேகவைத்த சர்க்கரைவள்ளி போல இருக்கும், தோலோடு பொரியல் செய்யலாம். நாட்டுப் பரங்கியில் தண்ணீர் அதிகம். ஆனால் நெத்திலிக் கருவாடு போட்ட புளிக்குழம்புக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும். சாம்பாரிலும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்ட மலாய் இனிப்பான பெங்காட்டிலும் அது கரைவதே அழகு.

விதையும் கணக்கில் வரும். கடை ஜப்பான் பரங்கி பெரும்பாலும் கலப்பின ரகம், அதன் விதையில் அதே காய் வராது. நாட்டு விதையைக் கழுவி நிழலில் காயவைத்து அடுத்த நடவுக்கு எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டே பேர் என்றால் மட்டும் நாட்டுக்காயின் அளவு தொல்லைதான். வெட்டிய துண்டு ஐஸ்பெட்டியிலும் சில நாள்தான் தாங்கும், பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.