அமியோடரோன் 200 மி.கி. மாத்திரை: அப்பாவுக்குக் கொடுத்த அனுபவம்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் கோளாறு. வேறு மருந்துகள் கேட்கவில்லை. அமியோடரோன் முதல் வாரம் தினம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் தினம் ஒன்று. படபடப்பு அடங்கியது. ராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது நின்றது. துடிப்பை அடக்குவதில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் நுரையீரலில் கைவைக்கக்கூடிய மருந்து இது. நீண்ட நாள் சாப்பிடும் சிலருக்கு அங்கே அழற்சி வரும்; கவனிக்காமல் விட்டால் தழும்பாகி இறுகிவிடும், அது திரும்பாது. தினம் 400 மி.கி. சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். 200-லும் வரத்தான் செய்கிறது. ஒரு மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருப்பதால் தைராய்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கல்லீரலையும்.

இதய மருத்துவர் மாத்திரை தொடங்கும் முன்பே எக்ஸ்ரேயும் நுரையீரல் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். அதற்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. பரிசோதனையில் வெறுமனே ஊதுவது மட்டும் இல்லை, டி.எல்.சி.ஓ. என்று ஒன்று உண்டு. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயைக் கவ்வவைத்து, "நல்லா இழுங்கய்யா... அப்படியே பிடிங்க, விட்டுடாதீங்க" என்று டெக்னீஷியன் பெண் பக்கத்திலேயே நின்று பத்து விநாடி எண்ணினார். இழுக்கும் காற்றில் துளி கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். அதில் எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்பதுதான் கணக்கு.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு வறட்டு இருமல். மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார். "வயசாகுதுல்லம்மா" என்றார். வீட்டுக்குப் பக்கத்து லேபில் ஊத மட்டும் வைத்து, "அதே டெஸ்ட்தாங்க" என்று நார்மல் ரிப்போர்ட் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. பழைய இடத்துக்கே கூட்டிப்போனோம். முன்பு, அவர் வயது, உயரத்துக்கு இருக்க வேண்டிய அளவில் 81 சதவீதம் இருந்த டி.எல்.சி.ஓ. 60-க்கு இறங்கியிருந்தது. சி.டி. ஸ்கேனும் நுரையீரலில் அழற்சி என்றே சொன்னது. பழைய ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் அந்த 60 இயல்பிலேயே அவருக்கு அப்படித்தானா, மாத்திரையின் வேலையா என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

மருத்துவர் மாத்திரையை நிறுத்தி ஸ்டீராய்டு தொடங்கினார். நிறுத்தினாலும் அமியோடரோன் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பதால் ஸ்டீராய்டையும் பல மாதம் மெல்ல மெல்லத்தான் குறைத்தார்கள். இருமல் போய்விட்டது. படி ஏறுகிறார், நடுவில் ஒருமுறை நின்று.

மாத்திரைக்கு 5-க்கு 3 கொடுப்பேன். உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால், பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், துடிப்பு மறுபடி தாறுமாறாகும். இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். லேபுக்குப் போன் செய்யும்போது "டி.எல்.சி.ஓ. எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.