மயிலிறகா, கோழியிறகா: எதைப் பார்த்து வரையப் பழகலாம்?

பல்லடம், காங்கேயம் பக்கம் தோட்டங்காடுகளில் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. தக்காளியைக் கொத்துகிறது என்று விவசாயி திட்டுவார். ஆனால் வரப்பில் இறகு கிடந்தால் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார். இறகு வரையப் பழகுகிறவர்களும் முதலில் தூக்குவது அதைத்தான். என்னைக் கேட்டால், கடைசியில் எடுக்க வேண்டியது அது.

மயிலிறகின் நீலமும் பச்சையும் சாயம் அல்ல. இழைக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்கில் ஒளி பட்டுத் தெறிக்கும் நிறம். கொஞ்சம் சாய்த்தால் வேறு நிறம் காட்டும். கலர் பென்சிலில் எதைப் பிடிப்பது? இறகு நுனியில் இருக்கும் வட்டக் கண்ணுக்குக் கீழே இழைகள் ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்குவதால் ஓரம் எது என்றும் பிடிபடாது. (தானாக உதிர்ந்ததை வைத்துக்கொள்ளலாம். மயிலைப் பிடித்துப் பிடுங்கினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

நாமக்கல் பண்ணைக் கோழியின் வெள்ளை இறகில் நிறத் தொல்லை கிடையாது. ஆனால் வெள்ளைத் தாளில் வெள்ளை இறகு என்றால் நிழலை மட்டுமே வரைய வேண்டும். புதியவருக்கு அது சிரமம். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டில் வெள்ளைப் பென்சிலால் வரைந்தால் பிழைத்தோம்.

என் ஓட்டு நாட்டுச்சேவலின் சிறகிலிருந்து விழும் நீள இறகுக்கு. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கையில் எடுங்கள். தண்டின் ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் அகன்று இருக்கும். இரண்டையும் ஒரே அளவில் போட்டால் அங்கேயே படம் கெட்டது. ஓரத்தை விரலால் கீழ்நோக்கி இழுத்தால் இழை பிரிந்து பிளவு விழும். அடியிலிருந்து நுனிக்கு நீவிவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இழைகளில் கொக்கி போன்ற நுண்பகுதிகள் இருப்பதுதான் காரணம். இந்தப் பிளவுகளில் இரண்டு மூன்றை வரைந்தாலே இறகுக்கு உயிர் வந்துவிடும்.

முதலில் தண்டு: அடியில் தடிப்பு, நுனியில் மயிரளவு, லேசான வளைவு. அப்புறம் மங்கலாக வெளிக்கோடு. இழைகள் தண்டிலிருந்து நுனியைப் பார்த்துச் சாய்ந்து கிளம்ப வேண்டும். செங்குத்தாக இழுத்தால் தென்னங்கீற்று ஆகிவிடும். எல்லா இழையையும் வரையாதீர்கள்; தண்டை ஒட்டிக் கொஞ்சம் நெருக்கம், நடுவில் வெறுமனே நிழல், ஓரத்தில் சில கோடுகள் போதும். அடியிலுள்ள பஞ்சுத்தூவியைக் கோடாகப் போடாமல் பென்சிலைப் படுத்துத் தேய்த்துவிடுங்கள்.

பென்சிலா, பேனாவா என்றால் பென்சில்தான். உருவத்துக்குச் சாதாரண எச்பி, நிழலுக்கு அதைவிடக் கறுப்பாக விழும் 4பி. ஜெல் பேனாவில் கோடு ஒரே தடிப்பில் வரும், இழையின் நுனி மெலியாது. பேனாதான் வேண்டும் என்றால் மை தொட்டு எழுதும் நிப் வாங்குங்கள். அழுத்தி ஆரம்பித்து, தூக்கிக்கொண்டே இழுத்தால் நுனி மெலியும்.

வீட்டுப் பிள்ளை மயிலிறகுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தக் கண்ணை மட்டும் தனியாக வரையக் கொடுங்கள்.