எச்சரிக்கை: ‘ஒரே லாகின்’ என்று சொல்லி 450 டாலரைக் கறந்துவிட்டார்கள்

கடைசிப் பயனரின் கோப்புகளை நேற்று இரவுதான் மீட்டு முடித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. சொந்த சர்வரில் திறமூலச் செயலிகளை நடத்துகிறவர்கள், லாகின் வேலையை வெளியாளிடம் ஒப்படைக்கும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எங்கள் சிறு குழுவுக்குக் கோப்புகள் நெக்ஸ்ட்கிளவுடில், நிரல்கள் கிட்டீயில், படங்கள் இம்மிச்சில். மூன்றுக்கும் மூன்று கடவுச்சொற்கள். மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதே என் பிழைப்பாகிவிட்டது. எல்லாச் செயலிகளுக்கும் லாகினை ஒரே இடத்தில் கவனிக்கும் கீகிளோக் என்ற மென்பொருளை நிறுவி, ஓபன்ஐடி கனெக்ட் என்ற பொது லாகின் முறை வழியாக மூன்றையும் இணைத்துவிட்டால் ஒரே லாகின் போதும். பகுதிநேர வல்லுநர்களைப் பிடித்துத் தரும் ஓர் இணையச் சந்தையில் ஆள் தேடினேன். ஒருவர் கிடைத்தார். ஐந்து நட்சத்திரம், பக்கம் பக்கமாகப் பாராட்டு. ‘வாடிக்கையாளரின் சர்வரிலேயே நிறுவித் தரப்படும்’ என்று வேலைக் குறிப்பில் அவரே எழுதியிருந்தார். கட்டணம் 450 டாலர். சந்தையின் வழியாகவே கட்டினேன்.

அந்த ஆளை நான் நம்பியது எதனால் தெரியுமா? முதல் பேச்சிலேயே சர்வரின் கடவுச்சொல்லை அனுப்பட்டுமா என்று கேட்டேன். பதறிப்போய்த் தடுத்தார். “எனக்கு அனுப்பாதீர்கள் சார், யாருக்குமே அனுப்பாதீர்கள். எனக்கென்று ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்து கொடுங்கள். வேலை முடிந்ததும் நீங்களே அதை அழித்துவிடுங்கள்.” லாகின் முடிந்து திரும்பும் முகவரியில் நட்சத்திரக் குறி போடவே கூடாது, முழு முகவரியையும் எழுத வேண்டும், இல்லையென்றால் டோக்கன், அதாவது உள்ளே விடும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டு, வேறு எங்கோ போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். எல்லாமே சரியான பேச்சு. இப்படிப் பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

லாகின் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்காக என்று சொல்லி டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயர் எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலில்) ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். லாகின் பக்கம் எங்கள் டொமைன் பெயரிலேயே வந்தது, மூன்று செயலிகளும் திறந்தன. பாதுகாப்புக்காக என்று இம்மிச்சில் கடவுச்சொல் லாகினை அணைத்துவிட்டார், நெக்ஸ்ட்கிளவுடில் மறைத்துவிட்டார். நன்றி சொல்லி, தற்காலிகக் கணக்கையும் அழித்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு செய்தி வந்தது: “பராமரிப்புக் கட்டணம் மாதம் 60 டாலர்.” எதற்குப் பராமரிப்பு, மென்பொருள் எங்கள் சர்வரில்தானே இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் காலையில் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

சர்வரில் ஓடும் கன்டெய்னர்களை, அதாவது ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாக ஓடும் பெட்டிகளை, பட்டியலிட்டுப் பார்த்தால் நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது, கிட்டீ இருக்கிறது, இம்மிச் இருக்கிறது. கீகிளோக் இல்லவே இல்லை! சான்றிதழுக்கு என்று நான் சேர்த்த அந்த டிஎன்எஸ் வரி அவருடைய மெஷினைச் சுட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பெயர்ப்பலகையை மாட்டி, வாசலைத் தன் இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். கீகிளோக்கில் அட்மின் விரும்பினால் எந்தப் பயனராகவும் உள்ளே நுழைய முடியும், அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. இத்தனை நாளும் எங்கள் கோப்புகள் அவருக்குத் திறந்தே கிடந்தன. 450 டாலரைவிட இதுதான் வயிறு எரிய வைக்கிறது. 2014 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு மாத வாடகை வேறு!

சந்தையிடம் புகார் கொடுத்தேன். ‘வேலை ஒப்படைக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது.’ டிஎன்எஸ் விவரத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். ‘தொழில்நுட்பக் கருத்து வேறுபாடுகளில் நாங்கள் தலையிடுவதில்லை.’ சர்வரையே மாற்றி வைத்தது கருத்து வேறுபாடாம். மூன்றாவதாக எழுதியதற்கு முதல் பதிலையே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஆளிடம் பயனர் விவரங்களையாவது ஏற்றுமதி செய்து கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு கோப்பு வந்தது. திறந்தால் செயலிகளின் பெயர்களும் பொறுப்புகளும் மட்டும். ரகசியச் சாவி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். ஒரு பயனர்கூட இல்லை. நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும் அரைகுறை ஏற்றுமதி அப்படித்தான் இருக்கும். பயனர்களோடு எடுக்க சர்வரில் கட்டளை கொடுக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாதா? “ஏற்றுமதி கொடுத்தாயிற்று சார்” என்று முடித்துக்கொண்டார்.

சர்வர் எங்களிடம் இருந்ததால் தப்பித்தோம். இம்மிச்சில் கடவுச்சொல் லாகினைத் திரும்ப இயக்க ஒரு கட்டளை இருக்கிறது. கிட்டீயிலும் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே மாற்றிவிடலாம். நெக்ஸ்ட்கிளவுடில் லாகின் முகவரியின் கடைசியில் ‘டைரக்ட்=1’ என்று சேர்த்தால் பழைய பெட்டி தெரியும், நிறுவியபோது உருவாக்கிய அட்மின் கணக்கில் நுழையலாம். நுழைந்த பிறகுதான் பெரிய தலைவலி. கோப்புறைகளுக்கு ஆட்களின் பெயர் இல்லை. ஒவ்வொன்றின் பெயரும் எண்ணும் எழுத்தும் கலந்த 64 குறிகள். கீகிளோக் கொடுக்கும் அடையாள எண்ணை வைத்து நெக்ஸ்ட்கிளவுட் உருவாக்கும் பெயர்கள் அவை. புதிதாக கீகிளோக் நிறுவினால் எண் மாறிவிடும், அதே மனிதர் காலிக் கணக்கோடு வந்து நிற்பார். உள்ளே இருந்த படங்களையும் ஆவணங்களையும் பார்த்து இது இன்னாருடையது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கோப்புறையையும் புதுக் கணக்குக்கு உரிமை மாற்றினேன். நாட்காட்டிகள் அதில் வராது, அதற்குத் தனி வேலை.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. லாகின் முகவரி எந்த ஐபிக்கு (மெஷினின் இணைய எண்ணுக்கு) போகிறது என்று இன்றே பாருங்கள். ஒவ்வொரு செயலியிலும் ஒற்றை லாகினைச் சாராத ஓர் அட்மின் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். ஒருவரை வெளியேற்றினால் கணக்கை முடக்கியதோடு விடாதீர்கள், லாகின் பக்கம் இல்லாமலே உள்ளே விடும் கிட்டீ டோக்கன்களையும் நெக்ஸ்ட்கிளவுடின் செயலிக் கடவுச்சொற்களையும் தனித்தனியாக அழியுங்கள். பத்துப் பேர் குழுவுக்குக் கீகிளோக்கே அதிகம், அதே ஒற்றை லாகின் வேலையைச் செய்யும், பயனர்களை ஒரே கோப்பில் எழுதி வைக்கும் அத்தெலியா என்ற சின்ன மென்பொருள் போதும். அதை நீங்களே நிறுவலாம், 450 டாலர் வேண்டாம்.

அந்த ஆளின் பெயரையும் சந்தையின் பெயரையும் கேட்டுச் செய்தி அனுப்பாதீர்கள். பெயரைப் போட்டால் என் கணக்கை முடக்குவோம் என்று சந்தையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். மேல்முறையீடு இன்னும் அங்கே கிடக்கிறது.