ஐந்து மழைக்காலம் கண்ட ஓடைக் கயாக்

2019 அக்டோபரில் வாங்கிய கயாக் இது; ஒருவர் உள்ளே அமர்ந்து துடுப்புப் போடும், மேல்மூடிய சிறு படகு. அன்று முதல் ஐந்து வடகிழக்குப் பருவமழைக் காலங்களாக, பழனி மலையில் தாண்டிக்குடிக்குக் கீழே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு காட்டோடையில் இதை ஓட்டி வருகிறேன். புதுப் படகைப் பற்றி எழுதுபவர்கள் பலர் உண்டு. பாறையில் இழுபட்டுத் தேய்ந்த படகு எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்பவர் ஒருவரும் எனக்கு அன்று கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

கோடையில் அந்த ஓடையைச் செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். ஐப்பசியில் மாலை மழை வலுத்தால் இரவோடிரவாக நீர் ஏறி, மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் வடிந்துவிடும். தோட்டத்துக்குச் செல்லும் நடைபாலத்தின் கல் தூணில் மூன்று வரிசை மறைந்திருந்தால் இறங்குவோம். நான்காவது வரிசையும் மறைந்துவிட்டால் கயாக்கை ஜீப்பின் மேலிருந்து இறக்குவதே இல்லை. பாலத்துக்குச் சற்றுக் கீழே ஓடை ஒரு கெவிக்குள், அதாவது இரு பாறைச் சுவர்களுக்கிடையே உள்ள ஒடுக்கமான பிளவுக்குள், நுழைகிறது. அதன் மிகக் குறுகிய இடத்தை நீர் வற்றிய பங்குனியில் டேப் பிடித்து அளந்தேன்: 2.2 மீட்டர். கயாக்கின் நீளமோ 2.6 மீட்டர். உள்ளே படகு குறுக்கே திரும்பினால் இரு முனைகளும் இரு சுவர்களில் முட்டி நிற்க, பின்னால் வரும் நீர் முழுவதும் அதன் வயிற்றில் அழுத்தும். இந்தப் படகைப் பற்றிய என் கருத்துகள் எல்லாம் அந்த ஓர் அளவிலிருந்து பிறந்தவை.

இதன் கொள்ளளவு ஏறத்தாழ 300 லிட்டர். முன்பு நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டிய 230 லிட்டர் படகு அலைகளில் விளையாட ஏற்றதாக இருந்தது. ஆனால் கெவியின் வாயிலிலுள்ள ஒன்றரை மீட்டர் வீழ்ச்சியில் குதித்தபின் மேலே வரத் தாமதித்தது. நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் அது தாங்கும் எடை குறைவு. எனவே அங்கே மிதப்புக்குக் கைகொடுப்பது படகின் பருமன்தான். விளிம்பில் கடைசித் துடுப்பை ஆழ ஊன்றி, முன்மூக்கை உயர்த்தித் தட்டையாக விழுந்தால் இப்படகு சுழியைத் தாண்டியே இறங்குகிறது. துடுப்பு 194 சென்டிமீட்டர். அதைப் படுக்கைவாட்டில் வீச உள்ளே இடமில்லை. செங்குத்தாகவே போட வேண்டும். நீளமான துடுப்பு வைத்திருப்பவர்கள் இத்தகைய ஓடைக்கு வேறொன்று வாங்குவது நல்லது.

பலரும் கவனிக்காதது உட்புறப் பொருத்தம். இடுப்புப் பட்டைகளும் தொடைப்பிடிகளும் உடலோடு ஒட்டியிருந்தால்தான் இடுப்பின் சிறு அசைவுக்குப் படகு திரும்புகிறது. கடையில் உட்கார்ந்து பார்த்தபோது கச்சிதமாக இருந்த பட்டைகள் இரண்டாம் ஆண்டிலேயே அமுங்கி, விரலளவு இடைவெளி விட்டன. நுரைத் தகடுகளை வெட்டி ஒட்டிக்கொண்டேன். அதைவிட முக்கியமானது பாதத் தாங்கியின் மேலுள்ள நுரை. மூன்றாம் ஆண்டில் வீழ்ச்சிக்குக் கீழே மறைந்திருந்த ஒரு பாறையில் மூக்கு நேராக மோதியது. முழு எடையும் கணுக்காலில் இறங்கியிருக்க வேண்டிய கணத்தில் அந்த நுரை நசுங்கித் தாங்கிக்கொண்டது. மறுவாரமே அதை மாற்றினேன். ஒருமுறை நசுங்கிய நுரையை மீண்டும் நம்பக்கூடாது.

அடிப்பகுதி பாலிஎத்திலீன். இந்த மலையின் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை அதைக் கத்திபோல் சீவுகிறது. பள்ளங்கள் விழுந்தால் பெரும்பாலும் வெயிலில் வைத்தாலே மீண்டுவிடும். ஆனால் நெடுநாள் வெயில் அதே பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும், ஆகையால் படகை நிழலில்தான் வைக்கிறேன். நான்காம் ஆண்டில் பின்முனையில் விரிசல் கண்டது. தோட்டப் பாதையில் தரையோடு இழுத்து வந்த என் பழக்கமே காரணம். எபாக்சிப் பசை பூசியது முதல் நாளிலேயே உரிந்தது. பாலிஎத்திலீனில் பெரும்பாலான பசைகள் பிடிப்பதில்லை. அப்போதுதான் ஒன்று புலப்பட்டது: மாடிகளில் வைக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இக்கயாக்கும் ஒரே முறையில், அச்சுக்குள் தூளைச் சுழற்றி உருக்கிச் செய்யப்படுபவை. வத்தலக்குண்டில் தொட்டி பழுது பார்க்கும் ஒருவர், மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான காற்றில் உருக்கி ஒட்டித் தந்தார். ஒரு பருவம் முழுவதும் ஒரு சொட்டு நீர் உள்ளே வரவில்லை. இப்போது 22 கிலோவையும் தோளில்தான் சுமக்கிறேன்.

படகுக்குள் நீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி மூடும் நியோப்ரீன் (ஒருவகை ரப்பர்) உறையின் தையல் இரண்டு ஆண்டுகளில் பிரிந்தது. விற்ற நிறுவனத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியும் பதில் இல்லை. மாற்று உறையில், இழுத்தால் அதைக் கழற்றிவிடும் வளையம் எப்போதும் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். கவிழ்ந்த நிலையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எந்தப் படகும் காக்க இயலாத ஆபத்து ஒன்று உண்டு: விழுந்த மரம். கிளைகளின் ஊடே நீர் போய்விடும். மனிதன் போக மாட்டான். கடந்த பருவத்தில் பாலத்தடியில் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, மிளகுக் கொடி பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, ராத்திரிக் காத்துல உள்ள ஒரு நாவல் மரம் சாஞ்சு கெடக்கு, பாத்துப் போங்க" என்றார். ஏறிப் பார்த்தோம். கெவியின் நடுவே, நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, சுவருக்குச் சுவர் மரம் கிடந்தது. நீரில் சிக்கியவருக்கு வீசும் இருபது மீட்டர் கயிற்றுப் பையோடு கரையில் ஆள் நின்றாலும் அங்கே பயனில்லை. படகுகளைத் தோளில் ஏற்றி, காப்பிச் செடிகளுக்கிடையே கெவியைச் சுற்றி நடந்து, கீழேயுள்ள கசத்தில் (ஆழமான மடுவில்) இறங்கி, காப்புக்காட்டு எல்லைக்கு முன்பாகவே கரையேறினோம். அந்த மரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வரும் ஐப்பசிக்கு முன் மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும்.