பதினோரு ஆண்டுகளாக ஜோட்டேரோ: கமாவும் புள்ளியும் அதன் வேலை, பெயர் நம் வேலை

2014-இல் மொழியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வாரத்தில் என் நெறியாளர் கேட்டார்: "படிக்கிறதையெல்லாம் எங்கம்மா குறிச்சு வைக்கப் போற?" நோட்டைக் காட்டினேன். அவர் தன் கணினியில் ஜோட்டேரோவைத் திறந்து காட்டினார்: படித்த நூல்களின் விவரங்களைச் சேமித்து, கட்டுரையில் மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் தானே அமைத்துத் தரும் மென்பொருள். அன்று மாலையே என் மடிக்கணினியில் ஏற்றினேன். இன்றுவரை அதிலேயே இருக்கிறேன்.

எம்.ஃபில். ஆய்வேட்டுக்குத் துணைநூற்பட்டியலைக் கையால் அடித்தவள் நான். ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டு நூல் இன்னொன்றைக் கடைசி நேரத்தில் சேர்த்தால், 'அ', 'ஆ' குறிகளை இருநூறு பக்கத்திலும் தேடித் திருத்த வேண்டும். அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்ததே எனக்கு அப்போது பெரிய விஷயம்.

ஜோட்டேரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் ஒன்றில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான நீட்சியாகப் பிறந்தது. இலவசம், திறமூலம். கோப்புகளை இணையத்தில் சேமிக்க இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி இடம்தான். ஆனால் நூல் விவரங்களை மட்டும் ஒத்திசைக்க அந்த வரம்பு இல்லை. நான் பிடிஎஃப்களை வெளி வன்தட்டில் வைத்துக்கொள்கிறேன், இதுவரை ஒரு ரூபாய் கட்டியதில்லை. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து அடிக்கோடிட முடிகிறது. தவறு கண்டு இதழ் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரை ஏதாவது நம் சேமிப்பில் இருந்தால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே மாணவர்களிடம் இதை வலியுறுத்துவேன்.

இதன் உண்மையான பலம் தெரிவது கட்டுரை நிராகரிக்கப்படும்போதுதான். என் கட்டுரை ஒன்றை முதல் ஆய்விதழ் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) 7-ஆம் பதிப்பு மேற்கோள் நடையில் கேட்டது. நான்கு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இதழ் கேட்டது மொழியியல் இதழ்களின் ஒருங்கிணைந்த நடை. 84 மேற்கோள்கள். வேர்டில் ஆவண விருப்பங்களைத் திறந்து நடையை மாற்றினேன், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முழுக் கட்டுரையும் மாறியிருந்தது. ஆனால் அங்கேதான் என் குறையும் தெரிந்தது. ஏபிஏவுக்கு ஆசிரியரின் இனிஷியல் போதும், ஒருங்கிணைந்த நடைக்கு முன்பெயர் முழுதாக வேண்டும். பாதிப் பதிவுகளில் நான் இனிஷியலை மட்டும் போட்டு வைத்திருந்தேன். பதிப்பித்த ஊரும் அப்படித்தான். ஏபிஏ 2019-இல் ஊரைக் கைவிட்டதும் நானும் நிரப்புவதை நிறுத்தியிருந்தேன், இவர்களோ ஊரைக் கேட்டார்கள். இப்போதெல்லாம் இந்த இதழுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதில்லை. நூலின் தலைப்புப் பக்கத்தில் இருப்பதை அத்தனையும் நிரப்பி வைத்துவிடுகிறேன்.

அப்புறம் பெயர். தமிழ்ப் பெயரை மேற்கோள் காட்டுகிற ஒவ்வொருவரும் இதில் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் 'எஸ்' சீர்காழி, 'ஆர்' அவருடைய அப்பா ராமாமிர்தம். அவர் பெயர் ரங்கநாதன் மட்டும்தான், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மென்பொருளோ குடும்பப் பெயர், முன்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. இணையத்திலிருந்து இழுத்து வரும் விவரம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டுவிடுகிறது.

சென்ற ஆண்டு என்னுடன் வேலை பார்க்கும் ஆய்வு மாணவி வந்தாள். "அக்கா, மத்த எல்லாருக்கும் பேரும் வருஷமும் மட்டும் வருது. மீனாட்சிசுந்தரனுக்கு மட்டும் இனிஷியலோட வருது. ஏன்னு தெரியல." பட்டியலைப் பார்த்ததும் புரிந்தது. தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரன் (தெ. பொ. மீ.) அங்கே மூன்று ஆளாக இருந்தார். ஆங்கில நூலில் 'டி. பி.' மீனாட்சிசுந்தரன். தமிழ் நூலை ரோமன் எழுத்தில் பெயர்த்த பதிவில் 'தெ. பொ.' மீனாட்சிசுந்தரன். மூன்றாவதில் 'மீனாட்சி', 'சுந்தரன்' என்று இரண்டாகப் பிளந்து, எஸ் வரிசையில் சுந்தரனாக உட்கார்ந்திருந்தார். ஒரே பெயருக்கு இரண்டு விதமான இனிஷியல் இருந்தால் ஏபிஏ விதிப்படி அவர்கள் இருவேறு ஆட்கள், ஆகவே குழப்பம் வராமலிருக்க இனிஷியல் சேர்கிறது. மென்பொருள் விதியைச் சரியாகவே பின்பற்றியது. எதிர்பாராத இடத்தில் இனிஷியல் முளைத்தால் இப்போது நேராகப் பெயர்களைத்தான் பார்ப்பேன். ஆண்டுக்குப் பின்னால் காரணமில்லாமல் 'ஏ', 'பி' வந்தால் அதே நூல் இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கிவிடலாம்.

இதில் எனக்கு இத்தனை அக்கறை ஏன் என்றால், என் கட்டுரை என் அப்பா பெயரில் மேற்கோள் காட்டப்படுவதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர், அதை வைத்து இதழின் படிவத்தை நிரப்பினேன், அப்படியே அச்சாகிவிட்டது. அப்பா மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கல்வெட்டுக் கல்வெட்டாக அலைந்து எழுதியது நான்.

நிறுவனப் பெயருக்குப் பெட்டியின் பக்கத்திலேயே ஒரு சிறு குறி இருக்கிறது, அதை அழுத்தினால் இரண்டு பெட்டி ஒன்றாகும். இதைச் செய்யாவிட்டால் இந்தியத் தொல்லியல் துறையின் ஆங்கிலப் பெயர் 'இந்தியா' என்ற ஆளாகி ஐ வரிசைக்குப் போய்விடும். ரோமன் எழுத்தில் பெயர்த்த தமிழ்த் தலைப்புக்கு இன்னொரு இடம் முக்கியம்: மொழி என்ற பெட்டி. அதில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டை இட வேண்டும். காலியாக விட்டால், சிகாகோ போன்ற நடைகளில் அது ஆங்கிலத் தலைப்பாகக் கருதப்பட்டு ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்கும்வரை மூன்று கட்டுரைகளில் கையால் திருத்தினேன்.

கையால் திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. கூட்டாக எழுதிய கட்டுரை ஒன்றில் சக ஆசிரியர் நல்லெண்ணத்தோடு பட்டியலுக்குள்ளேயே பதினைந்து பிழைகளைத் திருத்தி அனுப்பினார். நான் ஒரு மேற்கோளைச் சேர்த்தேன், பட்டியல் புதுப்பிக்கப்பட்டது, பதினைந்தும் போய்விட்டன. திருத்தம் சேமிப்பில் உள்ள பதிவில்தான் நடக்க வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லாதது என் தவறு. இப்போது எல்லாரும் திருத்த வேண்டியதை ஓரக் குறிப்பில் மட்டும் எழுதுகிறார்கள், பதிவை நான் திருத்துகிறேன். இதழுக்கு அனுப்புமுன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் ஜோட்டேரோவுடனான இணைப்பைத் துண்டிக்கிறேன். மூலக் கோப்பை அப்படியே உயிரோடு வைத்துக்கொள்கிறேன், அடுத்த இதழுக்குத் தேவைப்படும்.

அந்த மாணவியின் கட்டுரைக்குப் போன மாதம் புரூஃப் வந்தது. பட்டியல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். எம் வரிசையில் மூன்று நூலும் ஒரே பெயரின் கீழ், ஆண்டு வரிசையில், அடுத்தடுத்து இருந்தன.