கலாநிதி ஆய்வுக்கு 'மென்பொருள் உரிமக் காசு' கேட்டால் கட்டாதீர்கள்

பௌதிகவியல், இரசாயனவியல் முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர் நிலையம், வெளிநாட்டில் கலாநிதி ஆய்வு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு கறக்கிறது. திருநெல்வேலியில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து நான்கு இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்துவிட்டு நிற்கிறது. அவர்களுக்கு வந்த கடிதத்தை வரி வரியாகப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஜேர்மனியில் கணினிவழிப் பொருளறிவியலில் (பொருட்களின் இயல்புகளைக் கணினியில் கணித்து ஆராயும் துறை) கலாநிதி ஆய்வு, லித்தியம் பற்றரி பற்றியது, முழு உதவித்தொகை என்கிறது கடிதம். பேராசிரியரின் பெயரும் படமும் உண்மையானவை. மின்னஞ்சல் முகவரிதான் பொய்: பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரு கோடும் இன்னொரு சொல்லும் ஒட்டிய வேறு தளம்.

பதிவுக் கட்டணம், 'வாஸ்ப்' மென்பொருள் உரிமம், சூப்பர்கணினி நேரம் என்று மூன்று தரம் காசு கேட்டிருக்கிறார்கள். பின்னைய இரண்டும் துறை தெரிந்த ஆள் எழுதியவை. அதனால்தான் படித்த பிள்ளையே நம்பியது. பொருட்களின் இயல்புகளை அணு மட்டத்தில் கணிக்கும் வாஸ்ப் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான். ஆனால் உரிமத்தை வாங்குவது ஆய்வுக் குழு. மாணவரின் பெயரை அதில் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். சூப்பர்கணினி நேரத்தையும் பேராசிரியரே திட்டம் எழுதிக் கொடுத்து, கோர்-மணிக் கணக்கில் (ஒரு செயலிக் கோர் ஒரு மணிநேரம் ஓடுவது ஒரு கோர்-மணி) பெறுவார். பழகுவதற்கு குவாண்டம் எஸ்பிரெசோ, லாம்ப்ஸ் என்ற கணிப்பு மென்பொருட்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நேர்முகமே நடக்கவில்லை. உண்மையான குழு இப்படியான துறைக் கேள்விகளை விடாமல் கேட்கும்: சிலிக்கனின் பட்டை இடைவெளி பரிசோதனையில் 1.1 இலத்திரன்வோல்ற்று, பிபிஈ என்ற கணிப்பு முறையில் 0.6 அளவில் வருவது ஏன்? கணிப்பில் எடுத்த கே-புள்ளிகள் (பளிங்கைக் கணிக்க எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) போதுமென்று எப்படி முடிவெடுத்தீர்கள்? இவற்றைக் கேட்காமல் மூன்று வருடச் சம்பளத்துக்கு யாரும் ஆள் எடுப்பதில்லை. ஜேர்மனியில் பெரும்பாலான கலாநிதி இடங்கள் வேலை ஒப்பந்தங்கள். டிவி-எல் ஈ13 என்ற அரச சம்பளத் தரமும் அந்த முழுச் சம்பளத்தில் எத்தனை வீதம் என்பதும் எழுதியிருக்கும். இந்தக் கடிதத்தில் அது இல்லை.

இதே நிலையம் முதுமாணி மட்டும் முடித்த ஒருவருக்கு, கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு இடம் தருவதாகவும் சொல்லியிருக்கிறது. கலாநிதிப் பட்டம் இல்லாமல் அந்த இடம் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி கொடுக்கும் மேரி கியூரி கலாநிதி வலையமைப்பு இடங்கள், ஆய்வு வேலைகளுக்கான யூராக்செஸ் இணையத்தளத்தில் வெளிவருகின்றன. விண்ணப்பக் கட்டணம் இல்லை. கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வுக்குப் போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது விதி. இங்கிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது தடையே அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் விண்ணப்பக் கட்டணம் கேட்பது உண்மைதான். அதைப் பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே கட்டுவீர்கள். தனியாளின் வங்கிக் கணக்கில் அல்ல.

கடிதம் வந்தால் அதற்குப் பதில் அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, பேராசிரியரின் பக்கத்தில் உள்ள முகவரிக்குப் புதிய மின்னஞ்சலில் கடிதத்தை இணைத்து, இது உங்களுடையதா என்று கேளுங்கள். காசு கட்டியாயிற்றென்றால் அன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போங்கள். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி அவர்களிடம் இருந்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுவியுங்கள்.