பழைய ஜீப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய மிலிட்டரி ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது அதை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்ற நாகர்கோவில் பக்கம் கொடுப்பதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரை எழுதப் போவதில்லை, கேஸ் போட இருக்கிறேன்.

எங்கள் வண்டி வில்லிஸ் எம்பி. உலகப்போர் முடிந்ததும் மிலிட்டரி ஏலத்தில் விட்ட வண்டி, தாத்தா எடுத்து குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் ஓட்டினார். 1941 முதல் 1945 வரை வந்த இந்த ஜீப்புகள் எல்லாம் 6 வோல்ட்தான். இப்போது 6 வோல்ட் பேட்டரி கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார், 6 வோல்ட்டின் மங்கலான ஹெட்லைட் வெளிச்சத்தில் கோதையாறு ரோட்டில் ராத்திரி இறங்கவே முடியாது. ஆக, 12-க்கு மாற்றுவதில் தப்பில்லை. யாரிடம் மாற்றுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

காயில் (ஸ்பார்க் வருவதற்காக பேட்டரி வோல்டேஜை ஏற்றித் தருவது), பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்), ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), செல்ப் ரீவைண்டிங், மீட்டர், பல்பு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்றார்கள். கொடுத்தேன். வண்டி வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது, லைட் பளிச்சென்று எரிந்தது, சாவி போட்டதும் செல்ப் படாரென்று பிடித்தது. அப்புறம் பேச்சிப்பாறை ஏற்றத்தில் மிஸ்ஸிங் எடுத்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். போன் போட்டால், "தம்பி, இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கான், வேப்பர் லாக் ஆகும், பழைய வண்டியில இதெல்லாம் சகஜம்" என்று பதில். அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறதாம். பாயிண்ட் தீயாமல் காக்கிற கண்டென்சரை மாற்றி அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். பாயிண்ட் தீய்ந்துகொண்டே இருந்தது, ஒரு முனையில் குழி, எதிர் முனையில் கூம்பு மாதிரி மேடு.

கடைசியில் மார்த்தாண்டத்தில் வயதான ஒரு எலக்ட்ரீஷியன் காயிலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். பளபளவென்று கறுப்பு பெயிண்டு, மேலே புது ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் தகரத்தில் குத்திய '6' தெரிகிறது. "மக்கா, இது ஆறு வோல்ட்டுல்லா, இவ்வளவு நாள் ஓடினதே பெரிய காரியம்" என்றார். எங்கள் பழைய காயிலுக்கே பெயிண்டு அடித்து, எங்களுக்கே புதுசு என்று விற்றிருக்கிறார்கள்!

மல்டிமீட்டர் இருந்தால் இதை வீட்டிலேயே பார்க்கலாம். காயிலின் இரண்டு சின்ன வயரையும் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் முனைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். 12 வோல்ட்டுக்கான காயில் என்றால் சுமார் 3 ஓம் காட்டும். 6 வோல்ட் காயில் ஒன்றரை ஓம் அளவில்தான் காட்டும். அதில் நேராக 12 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர் போக வேண்டிய பாயிண்டில் 8 ஆம்பியர் போகும், சூடு இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. காயில் சூடேறி ஸ்பார்க் போய்விடும், ஆறினால் திரும்ப வரும். வேப்பர் லாக்காம்! ஒன்றரை ஓம் காட்டுகிற காயிலைப் போட்டே தீர வேண்டும் என்றால் சாவிக்கும் காயிலுக்கும் நடுவே கரண்ட்டைக் குறைக்கிற இன்னொரு ஒன்றரை ஓம் பலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பீங்கானில் வெள்ளையாக, சின்னதாக இருக்கும், விலையும் பெரிதில்லை. அதைக்கூடப் போடவில்லை.

செல்ப் மோட்டாரையும் தொடவே இல்லை. 6 வோல்ட் செல்ப்பை அப்படியே 12-இல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, நீளமாக அழுத்தாமல் இருந்தால் தாங்கும், பெண்டிக்ஸும் (செல்ப்பின் பல்சக்கரம்) அது போய்க் கடிக்கிற ஃபிளைவீல் ரிங்கும் கொஞ்சம் அடி வாங்கும், அவ்வளவுதான். ஆனால் ரீவைண்டிங் என்று 6,500 ரூபாய் எழுதி வாங்கினார்களே, அது எதற்கு? பெட்ரோல் மீட்டருக்கு வோல்டேஜ் குறைக்கிற ரெடியூசர் வைக்காமல் விட்டதில் அதுவும் கருகிவிட்டது. ஆம்பியர் மீட்டர் தப்பித்தது, அதற்கு எந்த வோல்ட்டும் ஒன்றுதான்.

இதெல்லாம் கூடப் போகட்டும். ஆல்டர்னேட்டர் வைப்பதற்காகக் கழற்றிய, ஆட்டோலைட் கம்பெனியின் பழைய சார்ஜிங் டைனமோவையும் அதைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டையும் கேட்டபோது "அந்த இரும்பு எதுக்கு தம்பி, ஆக்கர்காரன்ட்ட போட்டாச்சு" என்றார்கள், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்களாம். வில்லிஸை ஒரிஜினலாக ரெஸ்டோர் செய்கிறவர்கள் அந்த இரும்பைத் தேடித்தான் ஊர் ஊராக அலைகிறார்கள். வண்டியை விடும்போதே ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, கழற்றுவதெல்லாம் திரும்ப வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

எனக்குக் கொடுத்தது துண்டுச் சீட்டுதான். ஆனாலும் பணம் போனில் அனுப்பியதற்கும், அவர்கள் அனுப்பிய செய்திகளுக்கும் பதிவு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. மனு எழுதியாகிவிட்டது.

அந்த டைனமோவின் பின்மூடியில் தாத்தா பஞ்ச் வைத்துக் குத்திய மூன்று புள்ளிகள் இருக்கும், பக்கத்தில் நீல பெயிண்டு வழிந்த தழும்பு. யாருக்காவது விலைக்கு வந்தால் வாங்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள், கொடுத்த காசை நான் தந்துவிடுகிறேன்.